911ஆ, எம்4ஆ? குன்னூர் மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்து எடுத்த முடிவு

குன்னூரில் வீடு, கோயம்புத்தூரில் தொழில். வாரத்தில் பாதி நாள் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறி இறங்குகிறவன் நான். நல்ல ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது கல்லூரி நாளில் இருந்தே இருந்த ஆசை. கடனெல்லாம் அடைத்து, பிள்ளைகள் படிப்புக்கு எடுத்து வைத்து, அதற்கப்புறம் மிச்சமாகிற பணத்தில்தான் வாங்குவது என்று இருந்ததால் தாமதமாகத்தான் கைகூடியது. தேடித் தேடிக் கடைசியில் இரண்டு வண்டிகளில் வந்து நின்றேன். ஒன்று போர்ஷே 911 கரேரா எஸ், இன்னொன்று பிஎம்டபிள்யூ எம்4 காம்பெடிஷன் எக்ஸ்டிரைவ். மலையில் குடியிருந்துகொண்டு இந்த மாதிரி வண்டி வாங்க நினைக்கிறவர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். அதனால் பார்த்தது, கேட்டது, ஓட்டித் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

இரண்டுமே செகண்ட் ஹேண்ட். முக்கியக் காரணம் வரி. 2023 நவம்பரில் இருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புது காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். எம்4 காம்பெடிஷன் 2022 பிப்ரவரியில் இங்கே வந்தபோது ஷோரூம் விலை ஏறக்குறைய 1.44 கோடி. இன்றைய விகிதத்தில் அந்த விலைக்குக் கணக்குப் போட்டால் ரோடு டேக்ஸ் மட்டும் 28 லட்சத்துக்கு மேல் வருகிறது. 2019இல் கரேரா எஸ் வந்தபோது 1.82 கோடி, அதற்குப் போட்டால் 36 லட்சத்தைத் தாண்டும். இரண்டும் ஜெர்மனியில் இருந்து முழு வண்டியாக இறக்குமதி ஆகிறவை, சுங்க வரியும் அந்த விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. முதல் ஓனர் இதையெல்லாம் கட்டி, சில வருடம் ஓட்டிவிட்டு விற்கிற வண்டியை எடுத்தால் நமக்கு அந்தப் பாரத்தில் பெரும்பகுதி குறையும். ஆனால் தமிழ்நாட்டுப் பதிவு வண்டியாகப் பாருங்கள். வெளிமாநில வண்டி பத்து இருபது லட்சம் மலிவாகத் தெரியும், அப்புறம் அந்த மாநிலத்தில் தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கி இங்கே மறுபதிவு செய்யும்போது வண்டியின் வயதுக்கு ஏற்றபடி ஆயுள் வரியை இங்கே மறுபடி கட்ட வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மலிவு காணாமல் போய்விடும்.

காகிதத்தில் எம்4 தான் பலசாலி. 3 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 510 பிஎஸ் சக்தி, 650 நியூட்டன் மீட்டர் டார்க், நான்கு சக்கர டிரைவ், நின்ற இடத்தில் இருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 3.5 நொடியில் எட்டும். 911 கரேரா எஸ்ஸும் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போதான், ஆனால் சிலிண்டர்கள் மூன்று மூன்றாக இரண்டு பக்கமும் படுத்திருக்கும், எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கும். நான் பார்த்த 992 தலைமுறை வண்டியில் 450 பிஎஸ், 530 நியூட்டன் மீட்டர், 3.7 நொடி, இன்னும் வேகமாகக் கிளம்ப உதவுகிற ஸ்போர்ட் குரோனோ பேக்கேஜ் இருந்தால் 3.5. இந்த எண்களை வைத்து நண்பர்கள் வட்டத்தில் நடந்த வாக்குவாதம் கொஞ்சநஞ்சமல்ல. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை வரவில்லை. கல்லாரில் ஆரம்பித்துக் குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகள், முன்னால் ஒரு அரசு பஸ், பின்னால் ஒரு தேயிலை லாரி. அந்த ரோட்டில் 450க்கும் 510க்கும் உள்ள வித்தியாசத்தை யாராலும் தொடவே முடியாது.

எண்களில் ஒன்றே ஒன்று மலைக்காரர்களுக்கு முக்கியம், அதை யாரும் பேசுவதில்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் காற்று குறைந்த அளவுக்கு அதன் சக்தியும் குறையும். சமவெளியில் 450 பிஎஸ் தருகிற வி8, ஊட்டி சேரிங் கிராஸில் 360 பக்கம்தான் தரும். டர்போ எஞ்சின் அப்படி இல்லை, டர்பைன் இன்னும் வேகமாகச் சுழன்று குறைந்த காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளிவிடும், அதனால் இழப்பு ரொம்பக் குறைவு. ஆரம்பத்தில் எனக்கு ஒரு பழைய, டர்போ இல்லாத பெரிய வி8 மேலும் ஆசை இருந்தது, அதன் சத்தம் அப்படி. இந்தக் கணக்குத்தான் அதைப் பட்டியலில் இருந்து எடுத்தது. 911, எம்4 இரண்டும் டர்போ, எனவே இந்த இடத்தில் இரண்டும் சமம்.

சரி, ஓட்டிப் பார்த்த கதைக்கு வருகிறேன். ஷோரூம்களில் தருகிற டெஸ்ட் டிரைவ் என்றால் அவிநாசி ரோட்டில் ஒரு மேம்பாலம் ஏறி இறங்கி, ஒரு யூ டர்ன் போட்டு, ஒரு தடவை முழு ஆக்ஸிலரேட்டர், அவ்வளவுதான். அதில் இந்த விலைக்கு விற்கிற எல்லா வண்டியும் அற்புதமாகத்தான் இருக்கும். நான் இரண்டு ஓனர்களிடமும் நேராகப் பேசினேன். ஒருவர் திருப்பூர்க்காரர், இன்னொருவர் கோயம்புத்தூரில் நூல் வியாபாரம் செய்கிறவர். "அண்ணா, வண்டியை மலைக்கு ஏத்தி இறக்கிப் பாக்கணும், நீங்களும் கூட வாங்க, பெட்ரோல் என் செலவு" என்று கேட்டேன். இருவருமே சந்தோஷமாக வந்தார்கள். உண்மையாக விற்கிறவர் இதற்குத் தயங்க மாட்டார். கிளம்புவதற்கு முன் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், பல மாதம் ஓடாமல் நிற்கிற வண்டிகளில் அது காலாவதியாகிக் கிடப்பது சகஜம்.

கோயம்புத்தூரில் ஜெர்மன் வண்டிகளையே ரொம்ப வருடமாகப் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், வயதில் பெரியவர். நான் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டதற்கு அவர் சொன்னது இதுதான்: "ஏறும்போது எல்லா வண்டியும் நல்ல வண்டிதானுங்க தம்பி. இறங்கறப்போ பாருங்க. பிரேக்கு என்ன சொல்லுது, ஸ்டியரிங் என்ன சொல்லுது, உங்க கால் என்ன சொல்லுதுன்னு பாருங்க." அதையே பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வண்டியையும் காலை டிராஃபிக் தொடங்கும் முன் அதே நேரத்தில், அதே குன்னூர் ரோட்டில் இறக்கினேன், மழை பெய்த ஒரு நாளிலும் இரண்டையும் ஏற்றிப் பார்த்தேன்.

குன்னூர் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். இடையில் 1,500 மீட்டர் இறக்கம். அத்தனை உயரத்தில் இருந்து வண்டியின் எடை இறங்கும்போது வருகிற ஆற்றல் முழுவதையும் எஞ்சின் பிரேக்கும் டிஸ்க்குகளும்தான் விழுங்க வேண்டும். இங்கேதான் எடை பேச ஆரம்பிக்கிறது. எம்4 எக்ஸ்டிரைவ் 1,775 கிலோ, கரேரா எஸ் 1,515 கிலோ. 260 கிலோ வித்தியாசம், அதாவது நான்கு பேர் கூடுதலாக ஏறி உட்கார்ந்த எடை. எம்4இல் முன் டிஸ்க் 380 மில்லிமீட்டர், ஆறு பிஸ்டன் காலிப்பர், பெரிய பிரேக்தான். 911இல் முன்னும் பின்னும் 350 மில்லிமீட்டர் டிஸ்க், முன்னால் ஆறு பிஸ்டன், பின்னால் நான்கு. டிஸ்க் அளவை மட்டும் பார்த்தால் எம்4 ஜெயிக்கிறது. ரோட்டில் அப்படி இல்லை. 911இல் எஞ்சின் பின்னால் இருப்பதால் பிரேக் அழுத்தும்போதும் பின் சக்கரங்களில் நல்ல எடை தங்குகிறது, நான்கு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற உணர்வு காலில் தெரிகிறது, மூக்கு அதிகம் குனிவதில்லை.

பர்லியாருக்கு மேலே ஒரு வளைவு, இறங்கும்போது பாதியில் இன்னும் இறுகும், பழக்கப்பட்டவர்களுக்குத் தெரியும். 911இல் வளைவுக்கு முன் ஒரே அழுத்து, இரண்டாவது கியர், ஸ்டியரிங்கை ஒரு தடவை திருப்பி வைத்தால் அப்படியே போகிறது, நடுவில் திருத்தவே தேவையில்லை. எம்4இல் அதே இடத்தில் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே பிரேக் பிடிக்க வேண்டியிருந்தது, வளைவு இறுகுகிற இடத்தில் முன் பக்கத்தின் எடை கையில் தெரிந்தது, மறுபடி லேசாகக் காலை வைத்தேன். ஆபத்து என்று எதுவும் இல்லை, பெடல் கடைசி வரை கெட்டியாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு சின்ன வேலை கூடுதல், 14 வளைவில் அது சேர்ந்துவிடுகிறது. வாரத்தில் பல தடவை அந்த ரோட்டில் போகிறவனுக்கு அது பெரிய விஷயம்.

எஞ்சின் பின்னால் இருக்கிற வண்டி என்றதும் பலருக்குப் பயம். 1963இல் முதலில் காட்டியதில் இருந்து 911இல் எஞ்சின் பின்னால்தான், பழைய மாடல்களில் வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்புறம் வெளியே சுழன்று போகும் என்பது ஊரறிந்த விஷயம். இன்றைய வண்டியில் 305 மில்லிமீட்டர் அகலப் பின் டயரும் எலக்ட்ரானிக் கட்டுப்பாடும் அதைப் பெரும்பாலும் அடக்கி வைத்திருக்கின்றன. மலை ஏறும்போது அந்த எஞ்சின் எடை உண்மையில் வரம்தான். ஏற்றத்தில் எப்படியும் எடை பின்னால் சாய்கிறது, ஓட்டுகிற சக்கரமும் பின்னால், ஈர ரோட்டில் கொண்டை ஊசியை விட்டு வெளியே வரும்போது கரேரா எஸ் இரண்டு சக்கர டிரைவ் என்றே தோன்றவில்லை. 992இல் வெட் மோட் என்று ஒன்று உண்டு. முன் சக்கரக் கூட்டில் உள்ள சென்சார்கள் தண்ணீர் தெறிக்கிற சத்தத்தைக் கேட்டு, ரோடு நனைந்திருக்கிறது என்று டேஷ்போர்டில் சொல்லும், நாம் அந்த மோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். காட்டேரிக்குக் கீழே அருவித் தண்ணீர் ரோட்டின் குறுக்கே ஓடுகிற இடத்தில் சொல்லி வைத்த மாதிரி அந்த எச்சரிக்கை வந்தது. ஆனால் சேறும் சருகுமாக இருக்கிற எஸ்டேட் ரோட்டில் எம்4இன் நான்கு சக்கர டிரைவ் ஒரு படி மேல், அதை மறைக்க விரும்பவில்லை. லாம்ஸ் ராக் பக்கமோ எஸ்டேட்டுக்கு உள்ளேயோ வீடு இருக்கிறவர்கள் இதை யோசித்தே ஆக வேண்டும்.

அகலம். 911 1,852 மில்லிமீட்டர், எம்4 1,887, கண்ணாடி சேர்க்காமல். மூன்றரை சென்டிமீட்டர் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். நீளத்தையும் சேர்த்துப் பாருங்கள், 4,519க்கும் 4,794க்கும் 27 சென்டிமீட்டர் இடைவெளி. கொண்டை ஊசியில் மேலே ஏறி வருகிற பஸ் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திரும்பும், ஏறுகிற வண்டிக்குத்தான் நாம் வழி விட வேண்டும், அந்த நேரத்தில் தடுப்புச் சுவரை ஒட்டி ஒதுங்கி நிற்கும்போது நம் வண்டியின் மூலை எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். 911இல் முன் சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் மேடாக எழும்பியிருக்கும், டிரைவர் சீட்டில் இருந்தே தெரியும், சக்கரம் எங்கே இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்து வைக்கலாம். எம்4இன் பானெட் உயரம், நீளம், அதன் முனை கண்ணுக்குத் தெரியாது, கேமராவைத்தான் நம்ப வேண்டும். என் மனைவி இரண்டையும் வெலிங்டனில் இருந்து எங்கள் வீட்டு ரோடு வரை ஓட்டினாள். 911ஐ விட்டு இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "இது சின்ன வண்டிங்க, எனக்கு ஓரம் தெரியுது." தினமும் பஸ்ஸுக்கு ஒதுங்கப் போகிறவள் அவள், அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் பெரிய மதிப்புக் கொடுத்தேன்.

அடுத்தது அடி தட்டுகிற பிரச்சினை. குன்னூர், கோத்தகிரி வீடுகளில் பாதிக்கு மேல் ரோட்டில் இருந்து செங்குத்தாக இறங்குகிற அல்லது ஏறுகிற வாசல். எங்கள் வீட்டில் கேட்டைத் தாண்டியதும் ஏற்றம், ரோடும் சரிவும் சேருகிற இடத்தில் ஒரு மடிப்பு. பணம் கொடுக்கும் முன் வண்டியை வீட்டு வாசல் வரை கொண்டு வந்து ஏற்றிப் பார்த்துவிடுங்கள், டேப் வைத்து அளந்து பார்ப்பதெல்லாம் போதாது. எம்4ஐ நேராக ஏற்றியபோது முன் பம்பரின் கீழ் உதடு லேசாக உரசியது, குறுக்காக ஒரு சக்கரத்தை முதலில் ஏற்றி அப்புறம் அடுத்ததை ஏற்றினால் போகிறது, ஆனால் அதற்கு ரோட்டின் அந்தப் பக்கம் வரை போய் வளைந்து வர வேண்டும், எதிரில் வண்டி வராத நேரமாகப் பார்க்க வேண்டும். நான் பார்த்த 911இல் முன் அச்சைத் தூக்குகிற லிஃப்ட் இருந்தது. பட்டனை அழுத்தினால் முன்பக்கம் 40 மில்லிமீட்டர் எழும்பும், அவ்வளவுதான், நேராக ஏறிவிட்டது. எம்4இல் கம்பெனியே தருகிற லிஃப்ட் கிடையாது.

இதில் கவனம் வேண்டும், எல்லா 911இலும் லிஃப்ட் இருக்காது. அது புதிதாக ஆர்டர் போடும்போது காசு கொடுத்துச் சேர்க்கிற ஆப்ஷன், அப்புறமாக மாட்டுவது லேசான காரியம் இல்லை. அதனால் விளம்பரத்தில் "ஃபுல் ஆப்ஷன்" என்று போட்டிருப்பதை நம்பாமல், சேஸிஸ் எண்ணை வைத்து அந்த வண்டி ஃபேக்டரியில் இருந்து என்னென்ன ஆப்ஷனோடு வந்தது என்கிற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். 10 மில்லிமீட்டர் தாழ்வான ஸ்போர்ட் சஸ்பென்ஷன் போட்ட 911களும் விற்பனைக்கு வருகின்றன. மலையில் இருக்கிறவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம், ரோட்டுக்கு ஏற்றபடி இறுக்கத்தைத் தானே மாற்றிக்கொள்கிற சாதாரண பிஏஎஸ்எம் சஸ்பென்ஷனே போதும்.

கியர்பாக்ஸில் எம்4 ஜெயிக்கிற ஒரு இடம் இருக்கிறது. சீசன் நேரம், ஏப்ரல் மே மாதத்தில் மலர்க் கண்காட்சி சமயம், ஏற்றத்தில் வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு ஊர்கிற நாட்கள் நமக்குத் தெரியும். 2024 மே மாதத்தில் இருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தும் விடுமுறை நாட்களில் நெரிசல் ஓயவில்லை. எம்4இல் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியே சக்தியைக் கடத்துவது) வைத்த எட்டு கியர் ஆட்டோமேட்டிக், அந்த ஊர்வலத்தில் வெண்ணெய் மாதிரி நகர்கிறது. 911இன் எட்டு கியர் பிடிகே இரட்டை கிளட்ச். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தி வண்டியை நிறுத்திப் பிடித்தால் கிளட்ச் உராய்ந்து சூடாகும். எனவே பிரேக்கைப் பிடித்து நின்று, முன்னால் நாலைந்து மீட்டர் இடைவெளி விழுந்த பிறகு ஒரே மூச்சில் நகர்ந்து மறுபடி நிற்பதுதான் முறை. இறக்கத்தில் பிடிகேயை மேனுவலுக்கு மாற்றி இரண்டாவதிலோ மூன்றாவதிலோ வைத்துவிட வேண்டும். நார்மல் மோடில் விட்டால் லேசான சரிவுகளில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினைக் கழற்றிவிட்டு மிதக்கப் பார்க்கும், அது நமக்குத் தேவையில்லாத வேலை.

டயர் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இரண்டு வண்டியிலும் ஸ்டெப்னி கிடையாது. டயர் அளவில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது பக்கச் சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம். 911இல் முன்னால் 245/35 ஆர்20, பின்னால் 305/30 ஆர்21. எம்4இல் முன்னால் 275/35 ஆர்19, பின்னால் 285/30 ஆர்20. பின் டயரின் பக்கச் சுவர் இரண்டிலும் 9 சென்டிமீட்டர் பக்கம்தான், ஒரு ஜாணில் பாதி கூட வராது. ஐப்பசி மழைக்கு அப்புறம் மரப்பாலம் பக்கம் ரோடு எப்படிக் குழி விழுந்து கிடக்கும் என்று போகிறவர்களுக்குத் தெரியும், அதில் ஒரு கூரான கல் போதும். ரோட்டைத் தொடுகிற டிரெட்டில் ஆணி என்றால் கூடவே தருகிற சீலன்ட்டும் கம்ப்ரஸரும் காப்பாற்றும், பக்கச் சுவர் கிழிந்தால் பிளாட்பெட் ரெக்கவரி வண்டிதான் வர வேண்டும். அதனால் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எடுக்கும்போது மலைப்பாதைக்குப் பிளாட்பெட் அனுப்புவீர்களா என்று முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

செகண்ட் ஹேண்டில் டயரின் ஆழத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், வயதைப் பார்ப்பதில்லை. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற இந்த மாதிரி வண்டிகளில் டயர் தேயாமலே கிழடாகிவிடும், ரப்பர் இறுகி ஈரத்தில் வழுக்கும். அப்புறம் போர்ஷேக்கு ஒப்புதல் பெற்ற டயரில் என்0, என்1 என்று குறி இருக்கும், பிஎம்டபிள்யூ டயரில் நட்சத்திரக் குறி. நாலு டயரிலும் ஒரே குறி இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, இவை எல்லாம் கோடைக்கால டயர்கள், 7 டிகிரிக்குக் கீழே பிடிமானம் குறைய ஆரம்பிக்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுகிற காலை நேரம் முதல் சில கிலோமீட்டர் நிதானமாகத்தான் போக வேண்டும், டயர் சூடாகாமல் எந்த எலக்ட்ரானிக்ஸும் உதவாது. காற்றழுத்தத்தை வீட்டில், குளிர்ந்த டயரில் பாருங்கள். கீழே அடித்த காற்று மேலே வரும்போது வெளி அழுத்தம் குறைவதால் அளவு கூடும், குளிரால் குறையும், இரண்டும் ஏறக்குறைய சமன் ஆகிவிடும் என்றாலும் வெயில் நாளும் பனி நாளும் ஒன்றல்ல.

வண்டியைச் சோதிக்கிற விஷயத்தில், நான் முதலில் பார்த்த ஒரு 911, செகண்ட் ஹேண்ட் வியாபாரி ஒருவரிடம் நின்றது, விபத்தே இல்லை என்று சத்தியம் செய்தார். பெயின்ட் தடிமன் பார்க்கிற மீட்டர் வைத்துப் பார்த்தோம். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100இல் இருந்து 150 மைக்ரான் வரை இருக்கும், அந்த வண்டியின் இடது பின்பக்கம் முழுக்க 300க்கு மேல் காட்டியது. அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். 992இன் வெளித் தகடு கிட்டத்தட்ட எல்லாமே அலுமினியம், இரும்புக்கு மட்டும் வேலை செய்கிற மலிவு மீட்டர் அதில் ஒன்றும் காட்டாது. எம்4இன் கூரை கார்பன் ஃபைபர், அதில் இந்த மாதிரி மீட்டர் படிக்காது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். கம்பெனி டீலரிடம் கொடுத்துக் கம்ப்யூட்டர் போட்டுப் பார்ப்பது கட்டாயம். போர்ஷேயில் எஞ்சினை அளவுக்கு மீறிச் சுழற்றிய கணக்கு மெமரியில் பதிவாகியிருக்கும், அதையும் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஆர்சியில் லோன் பதிவாகியிருந்தால் அதை நீக்கப் படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இவை கையெழுத்தாகாமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

சர்வீஸ் என்று வரும்போது எம்4க்கு நம் பக்கம் வசதி அதிகம். கோயம்புத்தூரிலேயே பிஎம்டபிள்யூ இருக்கிறது, காலையில் இறக்கிவிட்டு மாலையில் எடுத்து வரலாம். 911க்கு நான் கொச்சியைத் தேர்ந்தெடுத்தேன், ஒரு நாள் தங்குகிற வேலை. பின் சீட்டும் அப்படித்தான். எம்4இல் இரண்டு பெரியவர்கள் உட்காரலாம், டிக்கி 440 லிட்டர். 911இல் முன்னால் இருக்கிற டிக்கி 132 லிட்டர், பின் சீட்டு சின்னப் பிள்ளைகளுக்குத்தான், என் மகன் அதில் உட்கார்ந்து முட்டியை மடக்கிக் காட்டினான், பத்தாம் வகுப்புப் படிக்கிறவன் இனி அதில் வர முடியாது. எங்களிடம் குடும்பத்துக்கு வேறு வண்டி இருக்கிறது, எனவே அது எங்களைத் தடுக்கவில்லை. ஒரே கார்தான் என்றால் நான் 911 பக்கமே போயிருக்க மாட்டேன்.

கடைசியில் 911ஐ எடுத்தேன். இறக்கத்தில் காலுக்குக் கிடைத்த நம்பிக்கை, ஓரம் தெரிவது, லிஃப்ட், இந்த மூன்றும்தான் காரணம், மற்றதில் எம்4 சமமாகவோ மேலாகவோ இருந்தது. எடுத்ததும் முதலில் செய்தது பிரேக் ஆயிலை மாற்றியதுதான். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரி வரை வந்துவிடலாம். சமவெளியில் இது யாருக்கும் உறைக்காது. 1,500 மீட்டர் இறங்குகிற நமக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை என்பதைத் தள்ளிப் போடவே கூடாது. ஈரம் இன்னொரு வேலையும் செய்யும், மூட்டம் இறங்குகிற மாதங்களில் தோல் சீட்டில் பூஞ்சை பூக்கும். காற்றோட்டமுள்ள ஷெட்டில் நிறுத்தி, கவர் போட்டு மூடாமல், வாரம் ஒரு தடவையாவது ஓட்டுங்கள். எலி வயரைக் கடிப்பது மலையில் தினசரிச் சங்கதி, இன்சூரன்ஸில் அது சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இருட்டிய பிறகு கோத்தகிரி ரோட்டில் வேகம் வேண்டாம், வளைவுக்கு அந்தப் பக்கம் காட்டெருமை நின்றால் எந்த பிரேக்கும் போதாது. ஊருக்குள்ளே எக்ஸாஸ்ட் வால்வை மூடியே வைக்கிறேன், அதிகாலையில் பக்கத்து வீட்டுப் பெரியவர்களை எழுப்புவது நியாயமில்லை.

என் மச்சினன் கோயம்புத்தூரில் இருக்கிறான், இரண்டு பிள்ளைகள், அவனுக்கு ஒரு வண்டிதான், மலைக்கு எப்போதாவது வருகிறவன். போன வாரம் போன் செய்து, "மாமா, அந்த எம்4 இன்னும் நிக்குதாம், எனக்கு ஒத்து வருமா?" என்று கேட்டான். தாராளமாக எடு என்றேன். அந்த வண்டியின் பின் டயர் இரண்டும் பழைய தேதி, அதை மாற்றுகிற செலவை விலையில் கழிக்கச் சொல்லிவிட்டு வா, பேரம் பேசும்போது நானும் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.